பேஸ் கிடார் வாங்கப் போனபோது

என் தங்கையின் மகன், உத்தியோகம் கிடைத்து ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டு, "மாமா, ஒரு பேஸ் கிடார் வாங்கணும், நீங்க கூட வரணும்" என்று சென்ற ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் காலையிலேயே வந்து நின்றபோது, நாற்பது வருஷங்களுக்கு மேலாக அந்த வாத்தியத்தைத் தோளில் சுமந்துகொண்டு கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் காலம் கழித்தவன் 'இதை வாங்கு' என்று ஒரே வாக்கியத்தில் விடை சொல்லிவிடுவான் என்று அவன் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. எனக்கே அப்படித்தான் ஒரு நினைப்பு இருந்தது. காப்பி ஆறுவதற்குள் அது போய்விட்டது. அவன் தன் செல்போனில் நான்கைந்து மாடல்களின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் சாதகமாக ஒரு வாதமும் பாதகமாக இரண்டு வாதமும் என் மனத்தில் எழுந்தன. அவற்றில் எதுவும் அந்தப் படங்களைப் பற்றியதாக இல்லை, என் பழைய வாத்தியங்களைப் பற்றியதாகவே இருந்தது.

என் பாட்டனார் நாகஸ்வரக் கோஷ்டியொன்றில் ஒத்து ஊதியவர். ஒத்து என்பது ராகம் வாசிக்காத நாகஸ்வரம்; ஆதார சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அதன் வேலை. கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் நாயனக்காரரைச் சூழ்ந்துகொள்வார்கள், தவில்காரரைத் தட்டிக்கொடுப்பார்கள், ஒத்துக்காரரிடம் 'பஸ் எத்தனை மணிக்கு?' என்று கேட்பார்கள். நான் முதன்முதலாக ஒரு பேஸ் கிடாரை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் உட்கார்ந்து வாசித்தபோது, திண்ணையிலிருந்து சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்ட அவர், "நீயும் ஒத்துதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெற்றிலை இடிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் அவர் தம் ஒத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். தனியாக ஊதிப் பார்த்து அவர் ஒருநாளும் அபிப்பிராயம் சொன்னதில்லை. நாயனக்காரரை எதிரில் உட்கார்த்திவைத்துக்கொண்டுதான் சொல்வார்.

1981-இல் கும்பகோணத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது பிடில் வடிவத்தில் செய்த ஒரு வாத்தியம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரத்தில் ஹாஃப்னர் என்னும் ஜெர்மானியக் கம்பெனியின் அப்படிப்பட்ட பேஸ் ஒன்றை வாங்கினார். அவர் இடது கைக்காரர். இரு பக்கமும் ஒரே அச்சாக இருக்கும் அந்த உடம்பு, திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றாது என்பதே அவரை இழுத்தது. அவருடைய கையில் அதைப் பார்த்துவிட்டு உலகம் முழுவதும் பிறகு அதே வடிவத்தில் வாத்தியம் செய்து விற்றார்கள். எங்கள் குழுத் தலைவர் வாங்கியிருந்ததும் பெயர் தெரியாத யாரோ செய்த அத்தகைய நகல்தான். தந்தியின் அதிரும் நீளம் 30 அங்குலமே ஆகையால் மெட்டுகள் நெருங்கியிருக்கும், விரல் சுலபமாக எட்டும், எடையும் குறைவு. தனி அறையில் வாசித்தால் பஞ்சு மெத்தையில் விழுந்தாற்போல் இதமான ஒரு நாதம் வரும். திறந்த வெளி மேடையில் தபேலா, டோலக், பாங்கோஸ், இரண்டு கீபோர்டுகள் இவற்றுக்கு நடுவே அந்த இதம் எங்கே போயிற்று என்று நானே தேடவேண்டியிருந்தது. 1976-இல் 'அன்னக்கிளி'யோடு திரைக்கு வந்த இளையராஜா, அதுவரை பெரும்பாலும் தாளத்தோடு சேர்ந்து அடி எடுத்து வைத்துக்கொண்டிருந்த பேஸ் கிடாருக்குப் பாட்டின் கீழே இன்னொரு பாட்டைப் போல ஓடும் தனி வழியை வகுத்துக்கொடுத்துவிட்ட காலம் அது. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்து, எந்த ஊர் மேடையிலும் 'இளைய நிலா' வாசிக்காமல் இறங்க முடியாது என்றாகிவிட்டபோது, கிராமபோன் தட்டில் தெளிவாகக் கேட்ட ஸ்வரங்களை நான் ஒன்றுவிடாமல் வாசித்தேன். அவற்றைக் கேட்ட ஒரே மனிதனும் நானாகவே இருந்தேன்.

ஆகவே 1985-இல், சிங்கப்பூரில் வேலையாயிருந்த உறவினர் ஒருவர் விடுமுறையில் வரும்போது, என் தாயாரின் சங்கிலியை வைத்துக் கடன் வாங்கிய பணத்துக்கு ஈடாக, ஜப்பானில் செய்த ஒரு பேஸை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அது பிரிசிஷன் என்னும் மாடலைப் பின்பற்றியது. அந்த மாடலைப் பற்றி இங்கே சற்று விரித்துச் சொல்வதில் பிழையில்லை. மின்சார பேஸ் கிடார் என்னும் ஜாதியே பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தது. கலிபோர்னியா மாகாணத்தில் ஃபுல்லர்டன் என்னும் ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் என்பவர், தமக்குக் கிடார் வாசிக்கத் தெரியாதிருந்தும், வாசிப்பவர்களின் சங்கடங்களைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர். ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மேடையில் பித்தளை வாத்தியங்களின் முழக்கத்தில் தங்கள் சத்தம் கேட்கவில்லையே என்று வருந்தியவர்களுக்காக, பலகையாக ஓர் உடம்பும், 34 அங்குல நீளத்தில் நான்கு தந்தியும், வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகளும் வைத்து 1951-இல் அவர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டபுள் பேஸில் மெட்டு கிடையாது. ஸ்வரஸ்தானம் விரலின் பொறுப்பு. இதில் மெட்டு இருப்பதால் ஸ்வரம் பிசகாது. அந்தத் துல்லியத்தைத்தான் பிரிசிஷன் என்ற பெயர் குறிக்கிறது. 1957-இல், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, இரு தந்திகளுக்கு ஒன்று வீதம் சற்று முன்பின்னாக வைத்தார்கள். அன்றைக்கு வைத்த இடத்திலேயே அது இன்றைக்கும் இருக்கிறது.

ஒரு சத்தக் குமிழ், ஒரு தொனிக் குமிழ். வேறு சௌகரியம் எதுவும் அதில் இல்லை. கழுத்தின் மேல்முனையில் அகலம் பெரும்பாலும் 41 மில்லிமீட்டருக்குக் குறையாது, பழைய மாதிரிகளில் 44 வரைக்கும் போகும். என் விரலுக்கு அது அதிகம்தான். தனியாக வாசித்துக் கேட்டபோது, இவ்வளவு கடனுக்கு இந்த மொந்தைச் சத்தந்தானா என்று மனம் சோர்ந்தது உண்மை. மறுவாரம் சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஒரு திருவிழா மேடையில் முதல் பாட்டின் நாலாவது வரிக்குள், எங்கள் டோலக் வாசிப்பவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு காலமாக நான் அவருக்கு இடப்புறம் நின்றிருந்தேன். அன்றுதான் என் இருப்பு அவருக்குத் தெரிந்தது. தனியே கேட்டால் மொந்தையாகத் தோன்றிய அந்த நடுத்தரத் தொனி, கீபோர்டும் பாடகரும் விட்டுவைத்த இடுக்கில் தச்சன் இழைத்துச் சொருகிய ஆப்பைப்போல் போய் உட்கார்ந்துகொண்டது.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் மேதை, 1962-ஆம் வருஷத்து பிரிசிஷன் ஒன்றை, வலது கையின் ஒரே ஒரு விரலால், தந்தி அறுந்தாலொழியப் புதுத் தந்தி மாட்டாமலேயே வாசித்துவந்தார் என்பதைப் பிற்பாடு அறிந்தபோது, பெருமையைக் காட்டிலும் ஆறுதலே எனக்கு அதிகமாக உண்டாயிற்று. அந்த நாட்களில் அவருடைய பெயர் இசைத்தட்டின் உறையில் பெரும்பாலும் அச்சாகவில்லை. அங்கேயும் ஒத்துக்காரரின் கதைதான் போலும்.

சென்னைக்கு வந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் உட்காரத் தொடங்கியபின் எனக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. மேடையில் வாத்தியத்தின் சத்தம் ஒலிபெருக்கிப் பெட்டி வழியாகக் காற்றில் பரவும். கூடத்திலோ ஒயரை நேராக ஒரு சிறு டி.ஐ. பெட்டியில் சொருகி ஒலிக்கலவை மேஜைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வாத்தியத்தின் அழகும் அசிங்கமும் மறைவின்றி அங்கே தெரியும். பெரிய ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தலையாட்டாமல், மேஜையின் ஓரத்தில் வைத்திருந்த உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுக் கேட்டபிறகே 'டேக் ஓகே' என்று சொல்லும் வழக்கமுள்ள இன்ஜினியர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். பேஸ் கிடாரின் தடித்த தந்தியாகிய ஈ, விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. டீக்கடை டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கருக்கு அந்த அதிர்வைத் தள்ளும் சக்தி கிடையவே கிடையாது. அதன் இரட்டிப்பு, மும்மடங்கு, நான்மடங்காகிய மேல் அதிர்வுகளை மட்டும் அது ஒலிக்கிறது. அவற்றைக் கொண்டு, ஒலிக்காத அந்த அடி ஸ்வரத்தைக் காது தானே ஊகித்துக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். கடையில் உட்கார்ந்து மார்புக்கூடு அதிர வாசித்து, 'ஆகா, என்ன கனம்!' என்று மயங்கி ஒரு வாத்தியத்தை வாங்குகிறவன், கேட்பவனுக்குப் போய்ச் சேராத பகுதிக்கே பணம் கொடுக்கிறான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றைக்கு அந்த டிரான்சிஸ்டரின் இடத்தில் செல்போன் வந்திருக்கிறது. ஸ்பீக்கர் இன்னும் சிறியதாகிவிட்டது.

1989-இல் வாங்கியது ஜாஸ் வகை. ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் 1960-இல் வந்தது. உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு ஏற்றபடி இடுப்பைச் சாய்த்து வெட்டி, மேல்முனையில் கழுத்தை 38 மில்லிமீட்டராக ஒடுக்கி, ஒன்றுக்கு இரண்டாக பிக்கப் வைத்தார்கள். என்னுடையது வேறு யாரோ அதைப் பார்த்துச் செய்தது. தந்தியின் கீழ்முனையைத் தாங்கும் பாலத்துக்கு அருகிலுள்ள பிக்கப்பில் தந்தியின் அசைவு குறைவு, ஆகையால் அங்கே மூக்கால் பேசுவதுபோன்ற கூர்மையான தொனி கிடைக்கும். கழுத்துப் பக்கத்ததில் உருண்டு திரண்ட தொனி. இரண்டையும் வேண்டிய விகிதத்தில் கலந்துகொள்ளலாம். வேகமான கமகம் போன்ற ஓட்டங்களுக்கு அந்த மெலிந்த கழுத்து என் கைக்கு வரப்பிரசாதமாக இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு தோஷம் உண்டு. இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை; இரண்டின் குமிழையும் முழுவதும் திறந்துவைத்தால் மின்சாரத்தின் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்; ஒன்றைத் தணித்த மாத்திரத்தில் அது தலைதூக்கும். நம் தேசத்து மின்சாரம் விநாடிக்கு 50 அலை. பேஸ் கிடாரில் ஈ தந்தியின் மூன்றாவது மெட்டில் பிறக்கும் ஜி என்னும் ஸ்வரம் விநாடிக்கு 49 அதிர்வு. எனவே மின்வாரியத்தார் வருஷம் முழுவதும் நமக்கு ஜி-யில், அரை ஸ்வரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறிய நிலையில், தம்பூரா மீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஜி சுருதியில் அமைந்த பாட்டுக்கு அந்த வாத்தியத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட அவஸ்தை வேறு எந்தச் சுருதியிலும் பட்டதில்லை. பக்கத்து வீட்டு அபஸ்வரந்தான் காதை அதிகம் அறுக்கும்.

மின்கலம் பொருத்திய ஆக்டிவ் வகையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. லியோ ஃபெண்டர் 1965-இல் தம் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, பின்பு மியூசிக் மேன் என்ற பெயரில் 1976-இல் வெளிக்கொணர்ந்த ஸ்டிங்ரே அந்த வகையில் பிரசித்தமானது. ஒரு 9 வோல்ட் பேட்டரியின் துணையால் தந்தியின் உச்சத் தொனியைக் கண்ணாடித் துண்டுபோல் பளிச்சென்று அது எடுத்துக் கொடுக்கும். அந்த வகையில் ஒன்றை நான்கு மாதம் இரவல் வாங்கி வாசித்தேன். ஒயரைப் பிடுங்காமல் விட்டால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வரவேற்புக் கச்சேரியில், மணமக்கள் மேடையேறும் சமயத்தில், என் வாத்தியம் இருமி இருமி அடங்கிப்போயிற்று. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மெட்டில்லாத பேஸின் மீதும் ஒரு காலத்தில் எனக்கு மோகம் பிறந்தது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்பவர் தம் 1962-ஆம் வருஷத்து ஜாஸ் பேஸின் மெட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, படகுக்குப் பூசும் எபாக்ஸியை அந்தப் பலகையின் மேல் பூசி வாசித்து, 1976-இல் வெளியிட்ட தம் முதல் இசைத்தட்டால் உலகத்து பேஸ்காரர்களையெல்லாம் தூக்கமிழக்கச் செய்தார். கமகத்திலேயே பிறந்து வளர்ந்த காதுள்ள நமக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும் என்று எண்ணி, பழைய பேஸ் ஒன்றின் மெட்டுகளைச் சால்டரிங் இரும்பால் சூடுகாட்டிக் குறட்டால் பிடுங்கி, பள்ளங்களை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். தோடி பிடிக்கலாமென்று உட்கார்ந்தேன். லியோ ஃபெண்டர் தம் வாத்தியத்துக்கு அந்தப் பெயரை ஏன் வைத்தார் என்பது அன்றைக்கு எனக்கு நன்றாக விளங்கிற்று. விரல் மயிரிழை பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும் அந்தப் பலகை, இருபது வருஷமாக மெட்டுகள் என் குறையை எப்படி மூடி மறைத்துவந்தன என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது.

வாத்தியத்தைக் காட்டிலும் தந்தி முக்கியம் என்று சொன்னால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். வழவழப்பாகத் தட்டைக் கம்பி சுற்றிய தந்தி ஒருவித சுபாவம். உருண்டைக் கம்பி சுற்றியது வேறொரு சுபாவம். முன்னது பழைய மெலடிப் பாடல்களின் அடக்கத்துக்கும், பின்னது துள்ளலுக்கும் ஏற்றது. உருண்டைத் தந்தியின் பளபளப்பு சென்னைக் கடற்காற்றிலும் கை வேர்வையிலும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. ஒரு செட் தந்தி வாங்கும் பணத்தில் வீட்டுக்கு அரை மாத மளிகை வாங்கிவிடலாம் என்றிருந்த அந்த நாட்களில், நாங்கள் எல்லோரும் அனுசரித்த உபாயம், பழைய தந்திகளைக் கழற்றிக் கொதிநீரில் வேகவைத்து அழுக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவதுதான். அதற்கு ரசம் வைக்கும் பாத்திரத்தை எடுத்ததன் பலனை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை.

இவ்வளவையும் மனத்தில் போட்டுக்கொண்டுதான் அண்ணா சாலைப் பக்கத்துக் கடையொன்றுக்கு அவனோடு போனேன். சுவரில் மாட்டியிருந்தவற்றில் பையனின் கண் முதலில் போனது, நீலச் சாயம் பூசிய ஐந்து தந்தி ஆக்டிவ் பேஸின் மேல். பெரிய ஆம்பில் சொருகி, கட்டைவிரலால் அடித்தும் ஆள்காட்டி விரலால் சுண்டியும் அவன் வாசித்தபோது, டிரம்ஸ் பகுதியில் நின்றிருந்த இரண்டு பையன்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். எனக்கும் அவன் வாசிப்பு பெருமையாகத்தான் இருந்தது. ஐந்தாவது தந்தியை நான் வெறுக்கிறேன் என்றும் சொல்வதற்கில்லை. பாட்டு ஈ-யில் ரிகர்சல் ஆகியிருக்கும்; மேடையில் பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு 'ஒரு கட்டை இறக்குங்க' என்பார்; நான்கு தந்திக்காரனுக்கு ஈ-க்குக் கீழே தரை இல்லை, டி-யைப் பிடிக்க அவன் மேல் ஸ்தாயிக்குத் தாவவேண்டும்; விநாடிக்கு 31 அதிர்வுள்ள பி தந்தி வைத்திருப்பவனோ கவலையில்லாமல் உள்ளே இறங்கிவிடுவான். அந்தச் சங்கடத்தை அனுபவித்தவன் அந்தத் தந்தியை ஏளனம் செய்யமாட்டான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். கடைக்காரரிடம் அனுமதி பெற்று, செல்போனில் ஒரு பாட்டைச் சற்று உரக்க வைத்து, "இதோட சேர்ந்து வாசி, ஒவ்வொண்ணுலயும்" என்றேன். ஐந்து தந்திக்காரனின் பளபளப்பு பாடகரின் குரல் மேலேயே ஏறி உட்கார்ந்தது. அதைத் தணித்தால் மிஞ்சியது வெறும் முழக்கம். அடுத்து பிரிசிஷன் வகை. நான்கு வரிக்குள் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. எனக்குள் ஒரு சிறு வெற்றிச் சிரிப்பு எழுந்ததை மறைக்கப் பிரயத்தனப்பட்டேன். அது நிலைக்கவில்லை. பையனின் விரல்கள் என் தங்கையின் விரல்களைப்போலக் குட்டையானவை. முதல் மெட்டிலிருந்து நான்காவதுக்கு எட்டும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொள்வதைப் பார்த்தேன். ஆறு மணி நேரக் கால்ஷீட்டை அப்படிப்பட்ட மணிக்கட்டோடு தாண்டியவர்கள் பிறகு வைத்தியரிடம் போனதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாகச் சுவரிலிருந்து இறங்கியது ஒரு ஜாஸ் வகை. மங்கலான சந்தன நிறம். விலையும் மற்ற இரண்டைவிடக் குறைவு. பாட்டோடு பிரிசிஷன் அளவுக்கு ஒட்டவில்லை, ஆனாலும் அந்நியமாகவும் நிற்கவில்லை. அதைவிட முக்கியமாக, அவன் கையைப் பார்க்காமல் வாசித்தான். அரை மணி நேரத்தில் முதன்முறையாக அவன் கண் செல்போன் பக்கம், பாட்டின் பக்கம் இருந்தது. நிற்கவைத்து வாரை மாட்டிப் பார்த்தேன். கையை எடுத்தபோதும் வாத்தியத்தின் தலை கீழே சாயவில்லை. கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் பார்த்தேன். இலேசான வளைவு, இருக்கவேண்டிய அளவே இருந்தது. ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து அது மாறும்போது, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை அலென் சாவியால் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். "அந்த நீலம் நல்லாத்தான் இருந்துச்சு, மாமா" என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்தான். மிச்சத்தில் ஒரு செட் தட்டைத் தந்தியும் வாங்கவைத்தேன்.

பத்து நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்குமேல் அவனிடமிருந்து போன் வந்தது. "மாமா, பீஸ்ல ஏதோ கோளாறு. பின்னாடி பிக்கப்பைக் குறைச்சா உய்ய்ன்னு ஒரு சத்தம் வருது. முழுசா திறந்தா நின்னுடுது. நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

கடைக்குப் போகவேண்டியதில்லை என்றும், அந்தச் சத்தம் எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்று வாத்தியத்தில் தேடிப் பார்த்துச் சொல் என்றும் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் தந்தி மீட்டும் ஓசை கேட்டது. ஒவ்வொரு மெட்டாக ஏறி, தாண்டிப் போய், மறுபடி இறங்கி வந்தது.

"ஜி மாதிரி இருக்கு, மாமா," என்றான். பின்பு சற்று யோசித்து, "ஆனா கொஞ்சம் ஏறியிருக்கு" என்றான்.